கேட்கிற உரிமை

கழட்டாதீங்க தம்பி, காதுலயே இருக்கட்டும். பாட்டுக் கேக்குறவங்களைத் தொந்தரவு பண்றது எனக்குப் பிடிக்காது. ஒரே ஒரு விஷயம் மட்டும். அது வயரு இல்லாததுதானே? வயரு இல்லாததுல தரம் ஒரு மாத்துக் கொறைச்சல்தான். சும்மா சொல்லி வைக்கிறேன். நம்மகிட்ட இருக்கறது வயரு வச்சது. பையில இருக்கு, பின்னால காட்டுறேன்.

எந்த ஊரு? ... கேணியா? யாரு கேணியில என்ன? ... ஓ, தேனியா. பஸ் எரைச்சல் தம்பி, ஒரு வார்த்தை முழுசா வந்து சேர மாட்டேங்குது. இந்த ரூட்டு வண்டிகளே இப்படித்தான், தகரத்தைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போற மாதிரி.

நமக்குப் போடி. அங்க என் மச்சினன் சோலைராஜு வீடு. என் சம்சாரம் அங்கதான் இருக்கா. விருந்துக்குப் போகல, கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா. நான் நியாயம் கேக்கப் போறேன். கூட்டிட்டு வரப் போறேன்னு நெனச்சுராதீங்க. முதல்ல நியாயம், அப்புறம்தான் மத்தது. சாட்சியத்தோட போறேன். இந்தா, துண்டுல சுத்தி வச்சிருக்கேன் பாருங்க, ரெக்கார்டர் மெஷினு. அவ பண்ணின அநியாயம் அத்தனையும் இதுக்குள்ள பதிவாகிக் கெடக்கு. மச்சினனையும் அவன் பொண்டாட்டியையும் உக்கார வச்சுப் போட்டுக் காட்டுவேன். யாரு பக்கம் தப்புன்னு அவங்களே சொல்லட்டும்.

முன்சீட்டுக்காரரு ஏன் திரும்பித் திரும்பிப் பாக்குறாரு? அடுத்தவன் வீட்டு விஷயம்னா சில பேருக்குக் காது நீண்டுரும். பாக்கட்டும். நான் மெதுவாத்தான பேசுறேன்.

என் பேரு சங்கிலி. திண்டுக்கல்ல பூட்டுக்கடை. சிரிக்கலாம் தம்பி, எல்லாரும் சிரிக்கிறதுதான். பேரு சங்கிலி, விக்கிறது பூட்டு, வாச்சவ பேரு பேச்சி. கல்யாணப் பத்திரிகையைப் பாத்துட்டு எங்க பெரியப்பா சொன்னாரு, இவன் பூட்டுவான், அவ தொறப்பான்னு. சரியாத்தான் இருந்துச்சு. காலையில அடுப்புப் பத்த வைக்கிறப்ப ஆரம்பிச்சான்னா படுக்கப் பாய் விரிக்கிற வரைக்கும் பேசுவா. அப்படிப்பட்டவ ஒரு நாலஞ்சு வருஷமா பேச்சைக் கொறைச்சுட்டா. கொறைச்சுக் கொறைச்சு இந்த வருஷம் சுத்தமா நிறுத்தியே போட்டா. நான் என்ன தப்புப் பண்ணேன்னு இன்னை வரைக்கும் எனக்குத் தெரியாது. நியாயத்தைச் சொல்லுங்க.

கடையை ஒட்டி எங்க பட்டறை. காலையில தகட்டை அடிக்க ஆரம்பிச்சா விளக்கு வைக்கிற வரைக்கும் டங்கு டங்குன்னு விழும். நடுவுல அரத்தைப் போட்டு ராவுற சத்தம் வேற. அதுக்குள்ளயே உக்காந்து உக்காந்து என் காது தீட்டின கத்தி மாதிரி ஆயிருச்சு. வந்தவரு ஏதோ கேப்பாரு, நான் உதட்டைப் பாத்தே என்ன பூட்டுன்னு எடுத்துக் குடுத்துருவேன். அவ்வளவு கூர்மை.

ஒரு கொள்கை உண்டு நமக்கு. கள்ளச்சாவி போட மாட்டேன். எவன் வந்து நின்னாலும் போட மாட்டேன். எங்க தெரு வாத்தியாரு ஒருநாள் ஈரத்துண்டோட வந்து நிக்கிறாரு, குளிக்கப் போன எடத்துல கதவு பூட்டிக்கிச்சு, சாவி உள்ள மாட்டிக்கிச்சுன்னு. அந்த வீடு உங்களுதுதான்னு என்ன அத்தாட்சின்னு கேட்டேன். நான் அவருக்கு எதிர்வீடு. அதுக்காகக் கேக்காம இருக்க முடியுமா? கோவிச்சுக்கிட்டு அப்படியே போனாரு. ஊரே சிரிச்சுச்சு. ஆனா சங்கிலி கடையில கள்ளச்சாவி கெடைக்கும்னு ஒருத்தன் சொன்னதில்ல.

இப்பப் பாட்டுக் கதைக்கு வாரேன். கடையை மூத்தவன்கிட்ட ஒப்படைச்சுட்டு வீட்டுல உக்காந்தேன். எனக்கு நாயனம்னா உயிரு. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான். ஒரு பாட்டுக் கம்பெனி, பேரு வேண்டாம், இன்டர்நெட்டுல கடை போட்டிருந்தான். பாட்டை அப்படியே வாங்கி நம்ம கம்ப்யூட்டர்ல வச்சுக்கலாம். அதுல ரெண்டு ரகம். ஒண்ணு சாதா. இன்னொண்ணு லாஸ்லெஸ். லாஸ்லெஸ்னா நஷ்டம் இல்லாதது தம்பி. ஊதினது ஊதினபடியே, ஒரு பிசிறு கொறையாம வரும். ஒரு வியாபாரிக்கு இதைவிட நல்ல வார்த்தை உலகத்துல உண்டா? நான் வாங்கினதெல்லாம் லாஸ்லெஸ்தான். ஊர்ல எல்லாரும் ஓசியில எறக்கிக் கேக்குறான். நான் ஒவ்வொரு உருப்படியா வாங்கிக் கேட்டவன். அலமாரி நிறைய அடுக்கி வச்ச மாதிரி அவ்வளவு நாயனம் சேந்து போச்சு.

ஒருநாள் ஒரு தகவல் வருது, கம்பெனி கடையை மூடுதாம். இனிமே அந்தப் பாட்டெல்லாம் இப்ப இருக்கிற கம்ப்யூட்டர்ல மட்டும்தான் பாடும், வேற எதுல போட்டாலும் பாடாதாம். என் கம்ப்யூட்டரோ, ஒரு தட்டுத் தட்டினாத்தான் முழிக்கும், ரெண்டு தட்டுத் தட்டினாத்தான் தூங்கும். அது மண்டையப் போட்டா என் நாயனமும் சேந்து போகும். ஏன்னு விசாரிச்சா, பாட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கானாம். பாட்டுக்குப் பூட்டு! அதுவும் யாருகிட்ட? திண்டுக்கல்லுக்காரன்கிட்ட.

போனைப் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. நல்ல பொண்ணுதான், ஆனா ரொம்ப மெதுவாப் பேசுற சாதி. ஸ்பீக்கர்ல முழுசா வச்சு, பேச்சியையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுக் கேட்டேன். அந்தப் பொண்ணு சொல்லுது:

“சார், நீங்க பாட்டை வாங்கல. பாட்டைக் கேக்குற உரிமையைத்தான் வாங்கியிருக்கீங்க.”

“கேக்குற உரிமை எனக்கு இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“அப்பக் கேக்குறேன். எதுக்கும்மா பூட்டுப் போட்டீங்க?”

அப்புறம், “சார், அந்தக் கேக்குறது இல்ல, இந்தக் கேக்குறது. நீங்க உங்க கம்ப்யூட்டர்ல தாராளமாக் கேக்கலாம்”ங்குது. நான் உன்கிட்டத்தான்மா கேக்குறேன், கம்ப்யூட்டர்கிட்ட எதுக்குப் போய்க் கேக்கணும்னேன். பேச்சி தலையில அடிச்சுக்கிட்டா. நான் விடல. எங்க கடையில பூட்டு வாங்கினா ரெண்டு சாவி குடுப்போம். பூட்டை வித்துப்புட்டுச் சாவியக் கல்லாவுலயே வச்சுக்கிற வியாபாரியை நீ பாத்திருக்கியாம்மான்னு கேட்டேன். என் கேள்வியைப் பதிவு பண்ணிக்கிட்டதா சொல்லுச்சு. அவங்க நம்ம பேச்சைப் பதிவு பண்ணலாம், நம்ம அவங்க பாட்டைப் பதிவு பண்ணக் கூடாது. இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்க.

... என்னது? காரா? காரை எதுக்குப் பாக்கணும்? நமக்குக் காரெல்லாம் ஆகாது தம்பி, பஸ்ஸு போதும். நாலு பேரைப் பாத்த மாதிரியும் இருக்கும்.

வத்தலக்குண்டு வந்துருச்சு போல. இறங்கறவங்க இறங்கட்டும். டீ ஏதாவது? ... வேண்டாமா, சரி.

மச்சினன் மகன் ஒருத்தன் இருக்கான், நவநீதன். போடியில கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வச்சிருக்கான். கெட்டிக்காரப் பய. பேச்சி அவனை வரச் சொன்னா. வந்து பாத்துட்டு, “மாமா, இதுக்கு ஒரு சாப்ட்வேர் இருக்கு. பூட்டை மட்டும் கழட்டிரும். பாட்டுல ஒரு பிசிறு கொறையாது. ஒரு காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சுரும்”னான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கள்ளச்சாவியாடான்னேன். இல்ல மாமா, நீங்க வாங்கின பாட்டுத்தானேங்குறான். வாத்தியாருக்கும்தான்டா அது சொந்த வீடு, நான் போட்டுக் குடுத்தேனான்னு கேட்டேன். வந்த காப்பியை அவன் குடிச்சான், வேலையை மட்டும் செய்யவிடல. போறப்ப அத்தைகிட்ட என்னமோ குசுகுசுன்னு பேசிட்டுப் போனான்.

அன்னைக்குப் பூரா யோசிச்சேன். பூட்டு எங்க இருக்கு? கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. ஸ்பீக்கரை விட்டு வெளிய வந்த நாயனத்துல பூட்டு இருக்கா? இல்ல. காத்துல வர்றதுக்கு எவன் பூட்டுப் போட முடியும்? கல்யாண வீட்டுல நாயனம் ஊதுறான், தெருவுல போறவன் கேக்குறான். அவன் திருடனா? ஆக, பாட்டைப் போடணும், ஸ்பீக்கருக்கு முன்னால மெஷினை வச்சுப் பதியணும். பூட்டுப் பூட்டாவே இருக்கும், பாட்டு வெளிய வந்துரும். வீட்டைத் தொறக்காமலே ஜன்னல் வழியாக் குசலம் விசாரிக்கிற மாதிரி. சட்டமும் கெடல, கொள்கையும் கெடல. எப்படி?

ஆனா தரம் போகக் கூடாது. அதுல நான் கறாரு. லாஸ்லெஸ்னு வாங்கிட்டு நஷ்டத்துல பதிஞ்சா நான் என்ன வியாபாரி?

எங்க வீட்டு ஸ்டோர் ரூம்ல இருந்த அரிசி மூட்டை, பரணைச் சாமான் எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டேன். சுவத்துக்கு மெத்தையை நிமித்திக் கட்டினேன். பேச்சியோட பட்டுச்சீலை உள்பட வீட்டுல இருந்த அத்தனை துணியையும் தொங்க விட்டேன். கதவு இடுக்குல போர்வையைச் சொருகினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல தெரு அடங்குற நேரம் பாத்து உள்ள போய்த் தாழ்ப்பாப் போட்டுப் பதிய ஆரம்பிச்சேன்.

மொத உருப்படியைப் பதிஞ்சு இந்த வயரு மாட்டிக் கேட்டா, நாயனத்துக்குப் பின்னால ஒரு சத்தம். ஙொய்ய்ய்னு. ஒத்து ஊதுறாங்கல்ல, அது மாதிரி விடாம ஒரே சுருதி. ஆனா இந்தக் கச்சேரியில ஒத்துக்கு ஆளே கெடையாது. சரி, ஃபேனா இருக்கும்னு ஃபேனை நிறுத்தினேன். போகல. பிரிட்ஜை நிறுத்தினேன். பால் திரிஞ்சு போச்சு, சத்தம் போகல. சுவத்துக் கடிகாரத்துல பேட்டரியைக் கழட்டினேன். மெயினையே ஆஃப் பண்ணிட்டு வீட்டு நடுவுல நின்னு கேட்டேன். அப்பவும் ஙொய்ய்ங்குது. பக்கத்து வீட்டுல போய் உங்க மோட்டாரை நிறுத்துங்கன்னேன். மோட்டார் ரிப்பேருன்னு கழட்டிக்கிட்டுப் போயி ரொம்ப நாளாச்சுங்குறாங்க. பொய்யி.

பேச்சிக்குச் சட்டம் போட்டேன். குக்கர் கூடாது, சோறு வடிக்கணும். மிக்ஸி கூடாது, அம்மி. அம்மியும் மத்தியானத்துல கூடாது. தாளிக்கறதா இருந்தா தெருவுக்கு அந்தாண்ட இருக்கிற அவ சிநேகிதி வீட்டுல தாளிச்சு எடுத்துக்கிட்டு வரணும். நடந்தா கொலுசுச் சத்தம், கழட்டி வைக்கச் சொன்னேன். அதெல்லாம் செஞ்சா. ஒண்ணும் மறுத்துப் பேசல. பேசத்தான் மாட்டாளே.

ஆனா பாருங்க, உள்ளுக்குள்ள வஞ்சம் இருந்திருக்கு.

பதிஞ்சதைக் கம்ப்யூட்டர்ல போட்டா, சத்தம் மேடும் பள்ளமுமா கோடு கோடாத் தெரியும். நாயனம் ஒரு நிறுத்தம் நிறுத்துதுன்னு வைங்க, அங்க கோடு சமதளமா இருக்கணும். இல்ல. ஒவ்வொரு நிறுத்தத்துலயும் சின்னச் சின்னக் கட்டியா எந்திரிச்சு நிக்குது. காதுல கேட்டா தெளிவா இல்ல, என்னமோ பஞ்சுக்குள்ள முட்டுற மாதிரி. எங்க ஊர்ல கல்யாண வீடியோவுக்குச் சத்தம் சேக்குற கடை ஒண்ணு இருக்கு. அங்க எடுத்துட்டுப் போனேன். அந்த ஆளு பெரிய ஹெட்போனை மாட்டிக் கேட்டுட்டு, அண்ணாச்சி, இதுல ஙொய்னு ஒரு சத்தமும் இல்லங்குறான். இவனெல்லாம் சத்தம் சேக்க வந்துட்டான். காதே இல்ல அவனுக்கு.

அப்புறம் அவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. “யாரோ பொம்பளை பேசுறாங்க அண்ணாச்சி. எல்லா உருப்படியிலயும் பேசுறாங்க”ன்னான்.

பேசாம இருந்தே என்னைக் கொன்னவ, நான் பதியிற நேரம் பாத்துக் கதவுக்கு வெளிய நின்னு பேசியிருக்கா. வேணும்னே. ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல, எல்லா உருப்படியிலயும். அதை மட்டும் நீக்கிக் குடுப்பான்னேன். முடியாதாம். நாயனமும் பொம்பளைக் குரலும் ஒரே எடத்துல உக்காருமாம், அவங்க குரலை எடுத்தா நாயனம் செத்துரும்னான். சரி, என்னதான் பேசுறான்னு சொல்லுன்னா, அது குடும்ப விஷயம், வீட்டுல போய் நீங்களே கேட்டுக்குங்கன்னு மெஷினைக் கையில குடுத்து அனுப்பிட்டான். கேட்டேன். நானும் எத்தனையோ தடவை போட்டுக் கேட்டேன். பதிவுல தரம் இல்ல தம்பி, மெத்தை குடிச்சிருச்சு.

வீட்டுக்கு வந்து அவளைப் பிடிச்சு ஏசினேன். என் லாஸ்லெஸ்ஸை நாசம் பண்ணிட்டயேடி, எதுக்குடி இந்த வேலை உனக்குன்னு. அதுக்கு அவ என்ன பண்ணினாங்குறீங்க? என் மூஞ்சிக்கு நேரா நின்னுக்கிட்டு வாயை வாயை அசைக்கிறா. சத்தம் வரல. கண்ணுல தண்ணி வருது, கை ஆடுது, வாய் ஓடுது, சத்தம் மட்டும் வரல. உங்க ரெக்கார்டிங் கெட்டுரும்ல, அதான் சத்தமில்லாமப் பேசுறேன்னு நையாண்டி பண்றாளாம். இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தினவ பண்ற வேலையா இது? நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஸ்டோர் ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாப் போட்டேன். ஒரு நீள உருப்படி, முழுசாப் பதிஞ்சு முடிச்சுட்டு வெளிய வந்து பாத்தா ஆளைக் காணோம். கொலுசையும் எடுத்து மாட்டிக்கிட்டுப் போடிக்குப் போயிட்டா.

போன் பண்ணினேன். எடுக்குறா, கொர்ருங்குது. போடியில டவர் கெடையாதுபோல. நவநீதன் பண்ணினான். அவனுக்கும் கொர்ருதான்.

வீடு எப்படி இருக்குங்குறீங்க? அவ இருந்தப்பவும் சத்தம் இல்ல, போனப்புறமும் சத்தம் இல்ல. ஆனா ரெண்டும் ஒண்ணா இல்ல தம்பி. சோறு தொண்டையில எறங்க மாட்டேங்குது. அதுக்காக நியாயம் கேக்காம விட முடியுமா? என்மேல தப்புன்னா அவங்க வீட்டு மாப்பிள்ளை மரியாதைகூட வேண்டாம், வாசல்லயே விழுந்து கும்பிட்டுக் கூட்டிட்டு வாரேன். அவமேல தப்புன்னா அவளா வரணும். வரலைன்னா, இருந்துக்கட்டும். அப்படித்தான் சொல்லிப்புட்டு வரப்போறேன். சொல்லிருவேன்னுதான் நெனைக்கிறேன்.

உங்களைப் பாத்தா பாட்டுக் கேக்குற காதாத் தெரியுது. ஒரு உதவி பண்ணுங்க. இந்த வயரை உங்க காதுல மாட்டிக்கிட்டு, அவ போன அன்னைக்குப் பதிஞ்ச உருப்படி, இதை மட்டும் கேளுங்க. நீங்க மூணாம் மனுசன், உங்களுக்கு யாரு பக்கமும் இல்ல. அங்க போயிப் போட்டுக் காட்டுறப்ப அவ இன்னதுதான் சொல்லியிருக்கான்னு நான் முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லதுல்ல? கேளுங்க. மெதுவாக் கேளுங்க. ஆலாபனை முடியுற எடத்துல இருந்து கட்டி ஆரம்பிக்கும்.

நல்லா ஊதுறாருல்ல? ... சரி சரி, கேளுங்க.

... என்ன? என்ன சொல்றா? ... வாயைத் தொறந்து சொல்லுங்க தம்பி, எரைச்சல். ... என்ன, கண்ட்ரோலா? ... ஏன் கத்துறீங்க, பஸ்ஸே திரும்பிப் பாக்குது. கத்துறதுலயும் ஒரு தெளிவு வேணும்ல. ... எழுதிக் காட்டுறீங்களா? செல்லுலயா? சரி எழுதுங்க. பெரிய எழுத்தாப் போடுங்க, கண்ணாடி எடுத்துக்கிறேன். இது எந்த ஊரு, பெரியகுளமா? டிரைவரும் இறங்கிட்டாரா. நல்லது, பைய எழுதுங்க.

குடுங்க.

“என்னங்க. கதவைத் தொறங்க. நவநீதன் அன்னைக்கே திரும்பி வந்து, நீங்க தூங்குறப்ப எல்லாப் பாட்டுக்கும் பூட்டைக் கழட்டிட்டான்.”

களவாணிப் பய! பாத்தீங்களா? என் வீட்டுக்குள்ளயே, என் கம்ப்யூட்டர்லயே கள்ளச்சாவி. காப்பி குடுத்ததும் அவதான், காவல் நின்னதும் அவதான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

இருங்க, இன்னும் இருக்கு.

“ஒரு பிசிறு கொறையலையாம். அப்படியே இருக்காம். பென்டிரைவுல போட்டு அஞ்சறைப்பெட்டியில வெந்தயத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். தினம் வந்து சொல்றேன். நீங்க பதில் பேச மாட்டேங்குறீங்க.”

தினமா? தினம் வந்து சொன்னாளா?

ஒரு பிசிறு கொறையலையாமா... வெந்தயத்துக்குப் பக்கத்துல. நான் அந்தப் பெட்டியைத் தொறந்து பாக்கவே இல்ல தம்பி. சோறு வடிச்சேன், ஊறுகாயை வச்சுத் தின்னேன். தாளிக்க எங்க போனேன்.

தள்ளுங்க, அடுத்த பக்கம் வரட்டும்.

“உங்களுக்கு நான் பேசுறது காதுல விழுதா இல்லையா? விழலைன்னா விழலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மதுரையில போய் டாக்டரைப் பாப்போம், இதுல என்ன வெக்கம். எனக்கும்தான் கண்ணு மங்குது. விழுந்தும் பேசாம இருக்கீங்கன்னா, நான் யாருக்காக இங்க இருக்கேன்? இந்தப் பாட்டு முடியுற வரைக்கும் வாசல்ல நிக்கிறேன். அப்புறம் போறேன்.”

நீள உருப்படி தம்பி அது. ராகத்தை எடுத்து, விஸ்தாரமா ஊதி, தவிலு தனியா ஆடி முடியணும். அவ்வளவு நேரமும் நின்னிருக்கா. கையில பையோட.

...

தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? வண்டி நிக்குதா ஓடுதா? ... நிக்குது. தலையாட்டுறீங்க. டிரைவர் டீக்கடையில நிக்கிறாரு, ஆமா, தெரியுது. இஞ்சினை அணைச்சுட்டாரா? ... அணைச்சுட்டாரு.

அப்ப இந்த எரைச்சல்?

ஙொய்ய்னு இப்பவும் இருக்கே. இங்க பிரிட்ஜு இல்ல, ஃபேன் இல்ல. உங்களுக்குக் கேக்குதா? ... இல்லையா. கொஞ்சங்கூட?

அந்த வீடியோக் கடைக்காரனைக் காதே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரன் மோட்டாருக்காக அவன்கூட மூணு தெருவுக்குக் கேக்குற மாதிரிச் சண்டை. போடியில டவரு இல்லைன்னு சொன்னேன்ல, அது... சரி விடுங்க.

மொதல்ல நீங்க காருன்னு என்னமோ சொன்னீங்களே. காரைப் பாக்கணும்னு. அது காரு இல்லையோ? காதா? ... காது. காதைப் பாக்கணும்னு அப்பவே சொல்லியிருக்கீங்க. நான் காரெல்லாம் ஆகாதுன்னேன்.

திண்டுக்கல்லுல ஏறினதுல இருந்து நான் மட்டுமே பேசிக்கிட்டு வாரேன், இந்தத் தம்பி வாயே தொறக்கலையே, நல்ல அடக்கமான பிள்ளைன்னு நெனச்சேன். பேசிக்கிட்டுத்தான் வந்தீங்களா?

... ஆமாவா.

சரி. டிரைவரு வாராரு. நீங்க அடுத்துத் தேனியில இறங்கிருவீங்க. இந்த மெஷினை நான் வெளிய எடுக்கப் போறதில்ல தம்பி. துண்டுலயே இருக்கட்டும். மச்சினனும் வேண்டாம், பஞ்சாயத்தும் வேண்டாம். வாசல்ல நின்னுக்கிட்டு, பேச்சி, எனக்குக் கேக்கலைன்னு சொல்லப் போறேன். அவ்வளவுதான். சொல்லிப் பாக்குறேன், சத்தம் சரியா இருக்கான்னு நீங்க பாத்துக்குங்க. பேச்சி, எனக்குக் கேக்கல. ... இன்னும் மெதுவாவா? பேச்சி, எனக்குக் கேக்கல.

அதுக்கு அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். “என்னைக்குத்தான் கேட்டீங்க?”ம்பா. அதை மட்டும் எனக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்ல.